24 கலர் பேலட் யாருக்கு?

கேள்வி: நானும் என் தங்கையும் சின்னதாக ஒரு மேக்கப் பிராண்ட் தொடங்கப் போகிறோம். விலை குறைவாக இருக்க வேண்டும், தரமும் நன்றாக இருக்க வேண்டும். முதல் கட்டமாக 12 லிப்ஸ்டிக், 24 கலர் ஐ ஷேடோ பேலட், 5 ஷேடில் ஃபவுண்டேஷன் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். காந்த மூடி வைத்த பெட்டி, 'கெமிக்கல் இல்லாதது, ப்ரிசர்வேட்டிவ் இல்லாதது' என்ற வாசகம் இரண்டும் முடிவாகிவிட்டன. வாங்குகிறவர்கள் உண்மையில் என்னதான் எதிர்பார்க்கிறார்கள்? பல வருடமாக மற்றவர்களுக்கு மேக்கப் போடுகிறவர் நீங்கள், சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய் என் டிராயரைத் திறந்து பார்த்தேன். வேலைக்கு எடுத்துப் போகிற பெட்டி இல்லை, எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியவை கிடக்கிற டிராயர். லிப்ஸ்டிக் மட்டும் 14 இருந்தன. அதில் ஒன்றே ஒன்றுதான் அடிவரை தீர்ந்து, குழிக்குள் ஒட்டியிருப்பதைப் பிரஷ்ஷால் தோண்டி எடுத்துப் பூசிக்கொண்டிருக்கிறேன். மற்ற 13-க்கும் முனைகூட மழுங்கவில்லை. அந்த ஒன்று விலை கூடினதும் இல்லை, பெட்டி அழகானதும் இல்லை. என் உதட்டு நிறத்தைவிட இரண்டு படி அழுத்தமான கலர், கண்ணாடி பார்க்காமலே போட்டுக்கொள்ளலாம், சாப்பிட்ட பிறகு கலைந்தாலும் அசிங்கமாகக் கலையாது, அவ்வளவுதான். காசு எண்ணிச் செலவு செய்கிறவள் கடையில் நின்று போடுகிற கணக்கும் இதுதான்: இது தீருமா, டிராயரில் தூங்குமா?

இந்தக் கண்ணோடு உங்கள் பட்டியலைப் பார்த்தால் முதலில் அடிபடுவது அந்த 24 கலர் பேலட். இமைக்கு மினுமினுப்பு இல்லாத ஒரு மேட் நிறம், மடிப்புக்கு அதைவிடக் கொஞ்சம் அழுத்தமானது, ஓரத்துக்கு ஒரு அடர் பிரவுன், மினுக்க ஒன்று. பெரும்பாலானவர்கள் தொடுவது இந்த நாலைத்தான். மீதி 20-ம் போட்டோவுக்கு. அந்த நீலத்தையும் பச்சையையும் எத்தனை பேலட்டில் புத்தம் புதிதாகவே பார்த்திருக்கிறேன் தெரியுமா! நாலு கலர் போதும். ஆனால் அந்த நாலும் பிரஷ்ஷில் தொட்டதும் மாவாகக் கன்னத்தில் உதிரக் கூடாது.

அப்புறம் ஃபவுண்டேஷன். இங்கே கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். 5 ஷேடு என்று வருகிற செட்டில் வழக்கமாக மூன்று வெளிர் நிறம், ஒன்று மாநிறம், கடைசியாகப் பெயருக்கு ஒரு 'டீப்' இருக்கும். அந்தக் கடைசி ஷேடைப் போட்டுக்கொண்டு வருகிறவர் முகத்தில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். இது அவர் தோலின் குற்றம் இல்லை. ஃபவுண்டேஷனில் நிறம் தருவது முக்கியமாக நாலு பொருள்தான்: டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். டப்பாவின் பின்னால் சிஐ, அதாவது கலர் இண்டெக்ஸ் என்ற நிற எண்ணாக, 77891, 77491, 77492, 77499 என்று இருப்பது இந்த நாலும்தான். கருமையான தோலுக்கு ஷேடு செய்யும்போது வெள்ளையைக் குறைத்து, சிவப்பையும் மஞ்சளையும் ஏற்றி, கறுப்பை அளந்து போட வேண்டும். சோம்பேறித்தனமாக மாநிற ஷேடிலேயே கறுப்பைக் கூட்டிவிட்டால் சாம்பல்தான் வரும். அண்டர்டோன் என்று சொல்கிறார்களே, ஒரே அளவு நிறமுள்ள இரண்டு பேரில் ஒருவர் மஞ்சள் பக்கமும் இன்னொருவர் சிவப்புப் பக்கமும் சாய்ந்திருப்பது, அதை விட்டுவிட்டு ஷேடு எண்ணிக்கையை மட்டும் கூட்டியும் பிரயோஜனம் இல்லை.

2017-இல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 40 ஷேடோடு கடைக்கு வந்தது. அதற்குப் பிறகு பல பெரிய கம்பெனிகள் அவசர அவசரமாகத் தங்கள் ஷேடுகளைக் கூட்டின. அதுவரை கடையில் தன் நிறம் இல்லாமல் இரண்டு பாட்டில் வாங்கிக் கலந்து போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். ஆனால் உங்களால் 40 முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். செய்து கொடுக்கிற தொழிற்சாலை ஒவ்வொரு ஷேடுக்கும் குறைந்தபட்சம் இத்தனை என்று ஒரு எண்ணிக்கை சொல்லும், உங்கள் முதலீடு மொத்தமும் பாட்டிலாக மாறி அலமாரியில் உட்கார்ந்துகொள்ளும். முதல் வருடம் ஃபவுண்டேஷனே வேண்டாம். முகத்துக்கு ஏதாவது இருந்தே ஆக வேண்டுமென்றால் மெல்லிசாக விழுகிற ஸ்கின் டின்ட் செய்யுங்கள். அடியில் தோல் தெரிகிற பொருள் என்பதால் ஒரு ஷேடு பக்கத்துப் பக்கத்து நிறங்களுக்கும் ஒத்துப்போகும், 8 இருந்தாலே நிறையப் பேரை எட்டலாம். ஆனால் அந்த 8-ஐயும் வெளிர் பக்கமே குவிக்காமல் கடைசிவரை சமமாகப் பரப்புங்கள்.

இன்னொன்று, நேரம். ஒருமுறை ஒரு பெண்ணுக்கு ஃபவுண்டேஷனைத் தாடை ஓரத்தில் வைத்துப் பார்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் சரிபார்த்துத்தான் போட்டேன், கச்சிதமாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். அதிலிருந்த எளிதில் ஆவியாகிற திரவம் போய், தோலின் எண்ணெய் நிறத்தூளில் ஊறி, ஷேடு ஒரு படி கறுத்துவிட்டது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, டிஷ்யூவால் கழுத்தோரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பாட்டிலை நான் மறுபடி வாங்கவில்லை. சாம்பிள் வந்தால் பூசிய உடனே முடிவு சொல்லாமல் நாலு மணி நேரம் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள்.

லிப்ஸ்டிக்கில் 12 அதிகம், 6 போதும். அசையாமல் நிற்கிற லிக்விட் மேட் லிப்ஸ்டிக், ஐசோடோடெக்கேன் மாதிரியான ஆவியாகிற திரவத்தில் கரைந்து வருகிறது. திரவம் போனதும் ஒரு படலம் நிற்கும், அதனால்தான் நிலைக்கிறது, அதனால்தான் மதியத்துக்குள் உதட்டின் உள் ஓரத்தில் வெடிக்கவும் செய்கிறது. மெழுகும் எண்ணெயும் கலந்த சாதாரணக் குச்சி லிப்ஸ்டிக் அவ்வளவு நேரம் தாங்காது, ஆனால் மறுபடி ஒரு இழுப்பு இழுத்துக்கொள்ளலாம். தினமும் போடுகிறவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வெயிலில் கைப்பைக்குள் இளகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகுகிற கார்னாபா மெழுகு உதவும், அளவு மீறினால் உதட்டில் இழுக்கவே வராது.

'கெமிக்கல் இல்லாதது' என்று எழுதாதீர்கள். தண்ணீரும் கெமிக்கல்தான், விஷயம் தெரிந்த வாங்குபவர் அந்த ஒரு வரியிலேயே உங்கள் மேல் நம்பிக்கை இழப்பார். 'ப்ரிசர்வேட்டிவ் இல்லாதது' அதைவிட மோசம். தண்ணீர் சேர்ந்த பொருளில், அதுவும் தினமும் விரல் படுகிற பொருளில், கிருமி வளரும். கண்ணுக்குப் போடுவதென்றால் கேட்கவே வேண்டாம். அந்த இடத்தில் முழு உட்பொருள் பட்டியலைப் படிக்கிற அளவு எழுத்தில் போடுங்கள், திறந்தபின் எத்தனை மாதம் என்று போடுங்கள், வாசனை சேர்க்காமல் விடுங்கள். மூக்கைச் சுளிக்கிறவர்கள் குறைவார்கள், அலர்ஜிக்கான ஒரு காரணமும் போகும்.

காந்த மூடிப் பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து 10 மில்லி சின்னப் பாட்டில் செய்யுங்கள், ஷேடு தப்பினாலும் நஷ்டம் சின்னதாக இருக்கும் என்று தைரியமாக வாங்குவார்கள். கிராமைக் குறைத்துவிட்டு விலையும் குறைந்ததாகக் காட்டும் வேலை வேண்டாம். இன்று எல்லோருமே கிராமுக்கு எவ்வளவு என்று போனிலேயே போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். ஆன்லைனில் விற்றால் ஒவ்வொரு ஷேடையும் நாலைந்து நிறமுள்ள கைகளில் பூசி, ஃபில்டர் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். ஒரு ஷேடு பிடித்துப் போய் ஒருத்தி மூன்றாவது முறை வாங்க வரும்போது 'புதிய மேம்பட்ட' என்று வேறு எதையோ நீட்டாதீர்கள். மேக்கப் வாங்குகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், நிறுத்தப்பட்ட ஒரு லிப்ஸ்டிக்கைப் பற்றி இறந்துபோன சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்கள்.

கடைசியாக, ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வேலை. சாம்பிளைப் பத்துப் பேருக்குக் கொடுங்கள், உங்கள் இருவரையும் தெரிந்தவர்கள் வேண்டாம், அவர்கள் எல்லாமே சூப்பர் என்றுதான் சொல்வார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஆறு வாரம் கழித்து டியூபைத் திருப்பி வாங்கி, மூடியைத் திறந்து மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். ஏழு பேருடையது முனை மழுங்காமல் வந்தால், பெட்டி அச்சடிப்பவரிடம் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லிவிடுங்கள்.