வீட்டிலேயே ஹெடர் மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: கம்பெனி மேனிஃபோல்டைக் (எஞ்சின் புகையை ஒன்றுசேர்த்து வெளியே விடும் பாகம்) கழற்றிவிட்டு ஹெடர் (அதற்கு மாற்று, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் உள்ளது) போடப் போகிறேன். முதல் முறை. எங்கே மாட்டிக்கொள்வேன்?

பதில்: ஸ்டட்டில்தான், அதாவது மேனிஃபோல்டை எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டோடு பிடித்திருக்கும் மறைக்கம்பியில்தான். புதியதை ஏற்றுவது சுலபம், பழையதை இறக்குவதில்தான் பாதி நாள் போகும். ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறிய நட் துருவோடு ஸ்டட்டைக் கவ்விப் பிடித்திருக்கும். முந்தைய இரவே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள், காலையில் இன்னொரு முறை அடியுங்கள். ஆறு முனை சாக்கெட் மட்டும் போடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும்.

எடுத்த எடுப்பில் கழற்றும் பக்கம் பலம் கொடுக்க வேண்டாம். முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு, அப்புறம் கழற்றும் பக்கம் கொஞ்சம், மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. நட் கிறீச்சென்று கத்தினால் நகர்கிறது என்று அர்த்தம். கத்தாமல் மெத்தென்று சுற்றிக்கொடுத்தால் உடனே கையை எடுங்கள். நட் அப்படியே நிற்கிறது, ஸ்டட்தான் முறுக்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் உடையும். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வந்துவிட்டால் கவலை இல்லை, புதுசு போட்டுக்கொள்ளலாம்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், துரு நேராகக் கண்ணில்தான் விழும். வண்டி ஜாக்கில் நிற்கும்போது அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, வண்டியைக் குலுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: சார், எனக்கு ஒரு ஸ்டட் ஹெட்டோடு ஒட்டி உடைந்துவிட்டது. துளை போட்டு எக்ஸ்ட்ராக்டர் (உடைந்த துண்டைக் கவ்வித் திருப்பி எடுக்கும் கருவி) விடலாமா?

பதில்: பொறுங்கள். ஹெட் அலுமினியம் என்றால் ட்ரில் கடினமான ஸ்டட்டை விட்டு மெத்தான அலுமினியத்துக்குள் சறுக்கிப் போகும். எக்ஸ்ட்ராக்டர் உள்ளே ஒடிந்தால் இன்னும் மோசம். அது கெட்டிப்படுத்திய எஃகு, சாதாரண ட்ரில் அதைத் தொடாது. உடைந்த முகத்தின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, ஆறியதும் திருப்புவதே நல்ல வழி. வெல்டிங் சூடே பாதித் துருவை இளக்கிக் கொடுக்கும். வெல்டிங் பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அந்த இடத்தை பிரேக் கிளீனரால் கழுவியிருந்தால், அது குளோரின் கலந்த வகையா என்று டப்பாவைப் படியுங்கள். அந்த வகை வெல்டிங் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும்.

கேள்வி: எத்தனை குதிரைத்திறன் கூடும்?

பதில்: டர்போ இல்லாத சாதாரண எஞ்சினில், வேறு எதையும் மாற்றாமல் போட்டால், சொற்பம்தான். ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ட்யூனும் செய்தால் கொஞ்சம் கூடும்.

கேள்வி: 4-1 நல்லதா, 4-2-1 நல்லதா?

பதில்: 4-1 என்றால் நான்கு குழாயும் நேராக ஒன்றில் சேரும், 4-2-1 என்றால் முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாகும். தினசரி ஓட்டும் வண்டிக்கு 4-2-1. சிலிண்டர்களின் தீப்பொறி வரிசை 1-3-4-2 என்றால் 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி. ஜோடிக்குள் இரண்டு வெடிப்புக்கும் நடுவே கிராங்க் முழுசாக ஒரு சுற்று, அதாவது 360 டிகிரி, இருப்பதால் ஒன்றின் புகை மற்றதோடு மோதாது. நடு ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக இருக்கும். 4-1 பொதுவாக மேல் ஆர்பிஎம்முக்கு.

கேள்வி: அண்ணா, எஞ்சினுக்கு பேக் பிரஷர் (புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம்) வேண்டாமா? ஹெடரோடு பெரிய குழாயும் போட்டேன், கீழே இழுவையே போய்விட்டது.

பதில்: இழுவை போனது உண்மை. காரணம்தான் வேறு. குழாய் அகலமானதும் புகையின் வேகம் குறைந்துவிட்டது. ஒவ்வொரு புகைத் துடிப்பும் கலெக்டரை (குழாய்கள் ஒன்றுசேரும் இடம்) அடைந்ததும் அங்கிருந்து ஒரு எதிர்மறை அலை (அழுத்தம் குறைந்த அலை) வால்வு பக்கம் திரும்பி ஓடும். இரண்டு வால்வும் சற்றே திறந்திருக்கும் நொடியில் அது வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை உறிஞ்சி எடுக்கும். குழாயின் நீளமும் அகலமும் இதற்காகத்தான் கணக்குப் போடப்படுகின்றன. பேக் பிரஷர் எஞ்சினுக்குச் சுமைதான்.

அதே நண்பர்: பேக் பிரஷர் இல்லாவிட்டால் வால்வு எரிந்துவிடும் என்று என் மெக்கானிக் சொல்கிறாரே?

பதில்: கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. எக்ஸாஸ்ட்டைத் திறந்துவிட்டு ஜெட்டை (பெட்ரோல் அளவை நிர்ணயிக்கும் சிறு துளை) மாற்றாமல் ஓட்டினால் கலவை மெலிந்து, அதாவது பெட்ரோல் பங்கு குறைந்து, சூடு ஏறும். எரிந்த வால்வுக்கு மெலிந்த கலவைதான் பொறுப்பு.

அதே நண்பர்: அப்படியானால் டூ ஸ்ட்ரோக் பைக் சைலன்சர் ஏன் வயிறு பருத்து, பின்பக்கம் குறுகி இருக்கிறது? அது அழுத்தத்துக்காகத்தானே?

பதில்: நல்ல கேள்வி. இதைக் கேட்டதற்காகவே உங்களை மன்னிக்கிறேன். பின்னால் குறுகும் கூம்பு ஒரு நேர்மறை அலையைத் திருப்பி அனுப்பும். எக்ஸாஸ்ட் துளை மூடுவதற்குச் சற்று முன் அது வந்து, வெளியே நழுவும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். சரியான நொடியில் வரும் ஒரு தட்டு அது. நிரந்தரமாக அடைத்துக்கொண்டிருக்கும் அழுத்தம் அங்கேயும் எதிரிதான். இதோடு பேக் பிரஷர் கடையை மூடுகிறேன்.

கேள்வி: கேஸ்கட்டோடு (ஹெட்டுக்கும் ஹெடருக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடு) சிலிக்கான் பேஸ்ட்டும் தடவலாமா? பழைய கேஸ்கட்டே நன்றாக இருக்கிறது.

பதில்: இரண்டுமே வேண்டாம். ஹெட் முகத்தைச் சுத்தமாகச் சுரண்டி, ஃபிளாஞ்சின் (ஹெட்டோடு பொருந்தும் ஹெடரின் தட்டை முகம்) மேல் நேர்ச்சட்டம் வைத்து வளைவு பாருங்கள். புது கேஸ்கட் போட்டு, எல்லா நட்டையும் கையால் ஏற்றிய பிறகு, நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு மூன்று சுற்றாக, உங்கள் வண்டி மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (இறுக்கும் அளவு) இறுக்குங்கள். ஓரிரு முறை ஓடிச் சூடேறி முழுசாக ஆறியதும் மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: பேக் பிரஷர் குறைந்தால் மைலேஜ் குறையுமா?

பதில்: கடை மூடியாயிற்று.

கேள்வி: போட்ட பிறகு காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்கிறது. சூடானதும் நின்றுவிடுகிறது.

பதில்: கேஸ்கட் பக்கம் கசிவு. உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைக்கிறது, அதனால்தான் சத்தம் நிற்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது சைலன்சர் வாயில் ஊதும் திசையில் வேக்குவம் கிளீனரைப் பிடித்து, ஃபிளாஞ்சைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எந்த போர்ட்டில் (ஹெட்டின் புகைத் துளை) குமிழ் வருகிறதோ அங்கேதான். தள்ளிப் போடாதீர்கள்: கசிவு வழியே வெளிக்காற்றும் உள்ளே போகும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துக் கலவை மெலிந்துவிட்டது என்று தப்பாகச் சொல்லும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் கேட்ட நண்பரும் இதைப் படிக்கலாம்.

ஷெட் கதவைத் திறக்காமல் எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு தேடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேள்வி: ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றும்போது என்ன பார்க்க வேண்டும்?

பதில்: ஒயர் போக ஒரு பக்கம் வெட்டிய சென்சார் சாக்கெட் வாங்குங்கள், பெரும்பாலும் 22 மி.மீ. மறைக்குத்தான் ஆன்டி சீஸ் (மறை இறுகிப்போகாமல் காக்கும் பசை), முனையில் பட்டால் சென்சார் கெடும். ஹெடரின் இடம் மாறினால் ஒயர் எட்டாது, எக்ஸ்டென்ஷன் போடுங்கள், இழுத்துக் கட்டாதீர்கள்.

கேள்வி: கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) எடுத்துவிடலாமா?

பதில்: பெரும்பாலான நாடுகளில் சட்ட விரோதம். அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் இல்லை.

கேள்வி: ஹெடரைத் துணி டேப்பால் சுற்றலாமா?

பதில்: சூடு உள்ளே நிற்கும், ஈரமும் நிற்கும். சாதாரண இரும்பு ஹெடர் அதன் அடியில் சத்தமில்லாமல் துருப்பிடிக்கும். செராமிக் பூச்சு போட்டது வாங்குங்கள்.

கேள்வி: முதல் ஸ்டார்ட்டில் புகை வந்தது, பயந்துவிட்டேன்.

பதில்: கை எண்ணெயும் பூச்சும் எரிகிறது, கொஞ்ச நேரத்தில் நிற்கும். நிற்காவிட்டால் குழாயில் எந்த ஒயர் உரசுகிறது என்று பாருங்கள், முதலில் ஸ்டார்ட்டர் ஒயர்.

கேள்வி: ஸ்டாண்ட் இல்லை. செங்கல் அடுக்கி வைத்தால் போதாதா?

பதில்: போதாது. செங்கல் சொல்லாமல் பிளக்கும். ஸ்டாண்ட் வாங்கிய பிறகு ஹெடர் வாங்குங்கள்.