வீட்டுக் காவலுக்கு எந்தத் துப்பாக்கி? முதலில் உங்கள் கையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 61 வயது, மனைவிக்கு 57. டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். மகளும் 4, 7 வயதுப் பேரப்பிள்ளைகளும் எங்களோடு இருக்கிறார்கள். அடுத்த தெருவில் ஆள் இருக்கும்போதே ஒரு வீட்டில் கொள்ளையர் புகுந்துவிட்டார்கள். கடைக்காரர் பம்ப் ஷாட்கன் (ஒவ்வொரு முறையும் முன்பிடியைக் கையால் பின்னுக்கு இழுத்து முன்னால் தள்ளித் தோட்டா ஏற்றும் நீளத் துப்பாக்கி) வாங்கச் சொல்கிறார். மைத்துனரோ, பெண்பிள்ளை கையில் கொடுக்க ரிவால்வர்தான் சரி என்கிறார். எனக்கு வலது மணிக்கட்டில் மூட்டுவலி உண்டு. எது வாங்கலாம்?

பதில்: உங்கள் வீட்டுக்கு நடுத்தர அளவுள்ள 9 எம்.எம். பிஸ்டல், அதிலும் பின்பக்கம் சுத்தியல் (விசையை இழுத்ததும் விழுந்து தோட்டாவை வெடிக்கவைக்கும் பாகம்) வெளியே தெரியும் வகை. கடைக்காரர் சொன்னதையும் மைத்துனர் சொன்னதையும் நாங்கள் ஏற்கவில்லை. காரணம் சொல்கிறோம்.

தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 13-ஆம் பிரிவின்படி, தற்காப்புக்கென்று ஒருவருக்கு ஒரே ஒரு லைசென்ஸ்தான். அது கைத்துப்பாக்கியாக இருக்கலாம், இல்லையென்றால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளாத ஷாட்கனாக இருக்கலாம். ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் இன்னொன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ள இந்தப் பிரிவில் வழி கிடையாது. ஆகவே பணம் கட்டுமுன் நிதானமாக யோசிக்க வேண்டும்.

ஷாட்கனைப் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் ஊரில் உலவுகின்றன. ஒன்று, குறி பார்க்கத் தேவையில்லை, குண்டுகள் விரிந்து பரவிப் பட்டுவிடும் என்பது. வீட்டுக்குள் நீங்கள் சுடக்கூடிய தூரம் நான்கைந்து மீட்டர். அந்தத் தூரத்தில் 12-போர் (குழல் அளவு) ஷாட்கனின் குண்டுகள் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலத்துக்குத்தான் விரியும், ஆகவே பிஸ்டலைப் போலவே குறி பார்த்தாக வேண்டும். மற்றது, பம்ப் இழுக்கும் சத்தத்தைக் கேட்டே திருடன் ஓடிவிடுவான் என்பது. ஓடலாம். அவனிடமும் துப்பாக்கி இருந்தால், நீங்கள் எந்த அறையில் நிற்கிறீர்கள் என்று அந்தச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். இவற்றைவிடப் பெரிய சிக்கல் உங்கள் மணிக்கட்டு. பதற்றத்தில் பம்ப்பை முழுக்கப் பின்னால் இழுக்காமல் பாதியிலேயே முன்னால் தள்ளிவிடுவார்கள். பழைய உறை வெளியேறாது, புதிய தோட்டா ஏறாது. பழகாத கைகளில் இது அடிக்கடி நடக்கும். போதாததற்கு நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். குறுகிய நடைபாதையில் திரும்பும்போது குழல் உங்களுக்கு முன்னால் போய் நிற்கும், எவனும் அதை எட்டிப் பிடித்துவிடலாம். ஒரு கையில் போனோ குழந்தையோ இருந்தால் மறு கையால் மட்டும் அதை ஆள முடியாது.

ரிவால்வர் எளிது என்பது பாதி உண்மை. மேகசின் (தோட்டா அடைத்த பெட்டி) இல்லை, ஸ்லைடு (பிஸ்டலின் மேலே பின்னுக்கு இழுபடும் பகுதி) இல்லை, ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். ஆனால் அந்த விசைதான் கடினம். சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுக்காமல் சுட்டால் சுமார் ஐந்து கிலோ இழுவை. விரல் மூட்டில் வலி உள்ளவருக்கு அது பெரும் பாடு. அந்தக் கனத்துக்குப் பயந்து சுத்தியலை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொண்டு நடந்தால், கை நடுங்கினாலே வெடித்துவிடும். சின்னதாக இருக்கிறதே என்று இரண்டங்குலக் குழல் உள்ள இலேசான ரிவால்வரை வாங்கினால் உதை கையைச் சுளுக்கிவிடும். ரிவால்வர்தான் என்று முடிவானால் நான்கங்குலக் குழல், முழு எஃகு உடல், .38 ஸ்பெஷல் தோட்டா. வெற்று உறைகளைத் தள்ளும்போது குழல்வாய் மேலே பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எரியாத மருந்துத் துகள், உறைகளைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் புகுந்து உருளையை இறுக்கிவிடும்.

பிஸ்டலில் உங்களுக்கு இருக்கும் தடை ஸ்லைடை இழுப்பது. சிறிய பிஸ்டலில் ஸ்லைடு இலேசாக இழுபடும் என்று நினைக்காதீர்கள். ஸ்லைடின் எடை குறையக் குறைய உள்ளே ஸ்பிரிங்கை விறைப்பாக வைக்கிறார்கள், இழுப்பது இன்னும் கஷ்டம். சுத்தியல் வெளியே தெரியும் பிஸ்டலில் முதலில் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துவிட்டால், ஸ்லைடு இழுக்கும் பாரம் கையில் தெரியும்படி குறையும். இதற்காகத்தான் அந்த வகையைச் சொன்னோம். சிஇசட் பி-07 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 15 தோட்டா, சுத்தியலைப் பத்திரமாக இறக்கும் நெம்புகோலும் உண்டு. அதே கம்பெனியின் சிஇசட் 75 சுடுவதற்கு அருமையான பிஸ்டல். ஆனால் அதன் ஸ்லைடு பிஸ்டல் உடலின் சட்டகத்துக்குள்ளே அமர்ந்திருப்பதால் பிடிக்கக் கிடைக்கும் விளிம்பு குறைவு. கிளாக் 19 நம்பகமானது, இலேசானது. அதில் வெளியே சுத்தியல் இல்லை, உங்கள் மணிக்கட்டுக்கு அது ஒத்துவருமா என்பதைக் கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இழுக்கும் முறையும் முக்கியம். இரண்டு விரல்களால் கிள்ளி இழுக்காதீர்கள். பிஸ்டலை மார்புக்கு அருகில், குழல்வாய் பத்திரமான திசையைப் பார்க்க, விசையில் விரல் படாமல் வையுங்கள். இடது உள்ளங்கையை ஸ்லைடின் பின்பகுதியில் முழுக்கப் போட்டு, நான்கு விரல்களாலும் இறுக்கிப் பிடித்து, வலது கையை முன்னால் தள்ளுங்கள். தள்ளுவது இழுப்பதைவிட எளிது. கடையில் வெற்று பிஸ்டலில் நீங்களும் உங்கள் மனைவியும் தலா பத்து முறை செய்து பாருங்கள். எட்டாவது முறையில் கை தளர்ந்தால் அந்தப் பிஸ்டல் வேண்டாம். பிறகு சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து ஐம்பது தோட்டா சுடுங்கள். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னுக்குப் போகாமல், வெற்று உறை வெளியேறும் திறப்பில் சிக்கிக்கொள்ளும். மூன்று நான்கு முறை அப்படி ஆனால் குறை பிஸ்டலில் இல்லை. ரிவால்வர் பக்கம் போவதற்கு அதுதான் நியாயமான காரணம்.

தோட்டா இரண்டு வகையாக வாங்குங்கள்: பழகுவதற்கு முழுக்க உலோகம் போர்த்திய சாதாரணக் குண்டு, வீட்டுக்குக் குழிமுனைக் குண்டு. குழிமுனை உடலில் பட்டதும் விரிந்து வேகம் இழக்கும். ஆனால் குறி தவறினால் எந்தக் குண்டும் கதவு, ஜன்னல், சீலிங் பலகை என்று துளைத்துக்கொண்டு போகும். செங்கல் சுவர் பெரும்பாலும் தாங்கும், பின்முற்றத்து அவுட்பில்டிங்கின் (தனிச் சிறு கட்டடத்தின்) மரமும் தகரமும் தாங்காது. பிள்ளைகள் எந்த அறையில் படுக்கிறார்கள், எந்தப் பக்கம் சுடவே கூடாது என்பதைப் பகலில் வீட்டைச் சுற்றி நடந்து குறித்து வையுங்கள். பிஸ்டலோடு தனி டார்ச்சும் வேண்டும். முகம் தெரியாமல் விசை தொடக்கூடாது, இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்து வருவது உங்கள் பேத்தியாக இருக்கலாம்.

சேஃப் இல்லாமல் லைசென்ஸ் இல்லை. தென்னாப்பிரிக்கத் தர நிர்ணய அமைப்பின் 953 முத்திரை (SABS 953) உள்ளதாக வாங்கி, செங்கல் சுவரிலோ சிமெண்ட் தரையிலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும். போலீஸ் நிலையத்தின் துப்பாக்கி அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். துப்பாக்கி உங்கள் உடம்பிலோ நேரடிக் கட்டுப்பாட்டிலோ இல்லாத நேரமெல்லாம் அதற்குள் பூட்டியிருக்க வேண்டும், தலையணை அடியில் போட்டுவிட்டு அகன்றால் குற்றம். எனவே சேஃபைப் படுக்கையிலிருந்து எட்டும் தூரத்தில் பொருத்துங்கள். எண் பூட்டாக இருந்தால் பிறந்தநாள் எண் வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளை ஒரு தடவை பார்த்தாலே பிடித்துக்கொள்ளும். கை நன்றாகப் பழகும்வரை மேகசின் நிரம்பியும் குழலின் தோட்டா அறை வெறுமையாகவும் இருக்கட்டும். டர்பன் காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. தோல் உறையோடு சேஃபில் வைத்தால் அது ஈரத்தைப் பிடித்துத் துருவை வளர்க்கும், மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

இனி அலுவலக வேலை. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சட்டத் தேர்விலும் கைத்துப்பாக்கித் தேர்விலும் தேற வேண்டும். கைத்துப்பாக்கிக்குப் பெற்ற தகுதி ஷாட்கனுக்குச் செல்லாது. பின் உங்கள் வட்டாரப் போலீஸ் நிலையத்தில், போலீஸ் துறையின் (SAPS) 517 படிவத்தில் தகுதிச் சான்றுக்கும், 271 படிவத்தில் லைசென்ஸுக்கும் விண்ணப்பம். துப்பாக்கியை முன்பே வாங்கி, லைசென்ஸ் வரும்வரை கடையிலேயே விட்டுவைப்பதுதான் வழக்கம்.

விண்ணப்பம் தோற்பது பெரும்பாலும் காரணக் கடிதத்தில். வேறு வழியில் உங்கள் பாதுகாப்புத் தேவை தீராது என்பதைக் காட்டும்படி சட்டம் கேட்கிறது. ‘ஊரில் திருட்டு அதிகம்’ என்று எழுதினால் போதாது. கம்பி ஜன்னல், அலாரம், ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் (அழைத்தால் ஆயுதத்தோடு வரும் தனியார் காவல்) என்று என்னென்ன செய்திருக்கிறீர்கள், வண்டி வந்துசேர எவ்வளவு நேரமாகிறது, உங்கள் தெருவில் பதிவான வழக்கு எண்கள் என்ன என்று எழுதுங்கள். மனைவியும் அதே பிஸ்டலைத் தனியாக எடுக்க வேண்டுமானால், ஒரே வீட்டில் குடியிருப்பவருக்கு 12-ஆம் பிரிவு கூடுதல் லைசென்ஸ் தருகிறது. அவரும் தனியே பயிற்சி முடித்துத் தகுதிச் சான்று பெற வேண்டும். அது இல்லாமல் சேஃப் எண்ணை அவரிடம் கொடுக்காதீர்கள்.

ஆள் உள்ளே வந்துவிட்டால் தேடிப் போகாதீர்கள். எல்லோரையும் ஓர் அறையில் சேர்த்து, கதவைப் பூட்டி, கட்டிலுக்குப் பின்னால் இருந்துகொண்டு போலீஸ் அவசர எண் 10111-ஐ அழையுங்கள். தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது, அல்லது இதோ நடக்கப்போகும்போது, உயிரைக் காக்கத் தேவையான அளவுக்குத்தான் சட்டம் இடம் தரும். டிவியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நீங்கள்தான்.

லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும், முடிவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தேதியைச் சேஃப் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவையுங்கள். வீட்டில் வைத்திருக்கக்கூடிய தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு 200 வரைதான், பழகுவதற்கு வாங்கியதும் அந்தக் கணக்கில் சேரும்.