கோஷம் ஓய்ந்த பிறகு: மனநலக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. போராட்டத்துக்குப் போய்வந்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஊட்டி, விடுதி மாணவர்: மறியலில் அடிபட்டு மூன்று வாரம் ஆகிறது. விசில் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. எனக்கு பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) வந்துவிட்டதா?

ஒரு மாதம் தாண்டாமல் அந்தப் பெயரை நாங்கள் வைப்பதில்லை, தம்பி. பயந்த உடம்பு இன்னும் காவல் காத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே அடங்கும். அடங்கவிடாமல் செய்வது, ராத்திரி போர்வைக்குள் நீங்கள் அடிபட்ட வீடியோவை முப்பதாவது தடவை பார்ப்பது. வழக்குக்குத் தேவைப்படலாம், அழிக்க வேண்டாம். நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டு உங்கள் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். படபடப்பு வரும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் கெட்ட கனவு, அந்தத் தெருப் பக்கமே போக முடியாமை என்று தொடர்ந்தால் நேரில் வாருங்கள். அதுவரை தூக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கூடலூர், ஒரு தந்தை: மகன் சரியில்லை. நல்ல மாத்திரையாக எழுதவும்.

வயது எழுதவில்லை. எத்தனை நாளாக என்று எழுதவில்லை. சாப்பிடவில்லையா, பேசவில்லையா, இல்லை உங்கள் பேச்சைக் கேட்கவில்லையா? மூன்றாவதுக்கு மாத்திரை கிடையாது, ஐயா. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

ஒரு கல்லூரிப் பேராசிரியர்: போராட்டத்துக்குப் போன எங்கள் மாணவர்கள் பன்னிரண்டு பேரை உங்களிடம் அனுப்புகிறோம். கவுன்சலிங் கொடுத்து, அவர்கள் மனநிலை பற்றி நிர்வாகத்துக்கு அறிக்கை தர முடியுமா?

முடியாது. இதோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை. ஆனால் இதே கடிதம் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

போராட்டத்துக்குப் போவது நோயின் அறிகுறி இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் ஊரில் நிலவும் சமூக, அரசியல் மதிப்பீடுகளோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. அந்த வரி சும்மா வந்து உட்காரவில்லை. சோவியத் நாட்டில் அரசை எதிர்த்துப் பேசியவர்களுக்கு மந்தகதி ஸ்கிசோஃப்ரினியா (மெல்ல வளரும் மனச்சிதைவு நோய்) என்று பெயர் சூட்டி ஆஸ்பத்திரியில் பூட்டினார்கள். வெளிநாட்டு மருத்துவர்களின் கண்டனம் முற்றிய பிறகு, 1983-ல் அந்நாட்டுச் சங்கம் உலக மனநல மருத்துவச் சங்கத்தைவிட்டுத் தானே விலகிக்கொண்டது. எங்கள் தொழிலின் அசிங்கம் அது. உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் அந்த நோக்கத்தில் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம், ரகசியம். 18 வயது தாண்டியவர் என்னிடம் சொன்னது அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி என்னோடு இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு என்று சில விலக்குகள் உண்டு. பிரின்சிபாலின் ஆவல் அந்தப் பட்டியலில் இல்லை.

பல வருஷம் முன்பு ஒரு கல்லூரியில் இப்படித்தான் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து என்னைக் கூப்பிட்டார்கள். விவரம் தெரியாமல் நானும் போனேன். வார்டன் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது நிமிஷத்தில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் "நல்லாத்தான் இருக்கேன் சார்" என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதில் ஒரு பெண் தானாக வந்தாள். அன்றைக்கு அவள் தூங்கி நான்கு நாள் ஆகியிருந்ததாம். என் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள், எனக்குத் தெரியவில்லை. தண்டனையாகக் கொடுக்கும் கவுன்சலிங், நிஜமாகவே தேவைப்படும் பிள்ளையின் வாயைத்தான் முதலில் அடைக்கும்.

உதவ வேண்டும் என்றால் ஒரு அறை கொடுங்கள், வருகைப் பதிவேடு இல்லாமல். வருபவர் வரட்டும். எல்லோரையும் கூட்டிவைத்து ஒரே அமர்வில் "நடந்ததைச் சொல்" என்று கிளறாதீர்கள்; அதனால் பயனில்லை, சிலருக்குக் கெடுதல். தவறிப்போன இன்டர்னல் தேர்வை மறுபடி எழுத விடுங்கள். என்னுடைய பத்து கவுன்சலிங்குக்கு அது சமம்.

குன்னூர், மாணவி: போராட்டம் முடிந்த பிறகு எல்லாமே வெறுமையாக இருக்கிறது. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. தோற்றதால்தானா?

தோற்றதால் மட்டும் இல்லை, அம்மா. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்தவர்கள் கேட்டது கடைசியில் கிடைத்தது. அப்படித் திரும்பியவர்களிடமும் இதே வெறுமையைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் ஆயிரம் பேரோடு சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, மூடுபனியில் தனி அறைக்குத் திரும்பினால் வேறு எப்படி இருக்கும்? கூட நின்றவர்களில் இரண்டு பேரையாவது டீக்கடையில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் பார்ப்பது கணக்கில் சேராது. சாப்பாடு, படிப்பு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் ஓடிவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

பெயர் போடாத ஒருவர்: நான் தூங்குவதற்கு ரூம்மேட் அல்ப்ராசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையில் பாதி தருகிறான். போடலாமா?

கூடாது. அடுத்தவர் மாத்திரையைத் தொடாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? ஏற்கெனவே சில வாரமாகத் தினமும் போடுபவர் என்றால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்படி மெல்லக் குறைக்க வேண்டும்.

கோத்தகிரி, ஒரு தாய்: கேஸ் போட்டதிலிருந்து மகன் "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிறான். கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிடுவேனோ என்று பயம்.

கிளப்ப மாட்டீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தை இன்றைக்கே வீட்டைவிட்டு அகற்றுங்கள். பூட்டி வைப்பது இரண்டாம்பட்சம். ஆமாம் என்றால் தனியே விடாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். அடுத்த இதழுக்குக் காத்திருக்க வேண்டாம்.

பந்தலூர், மாணவர்: சாயங்காலம் நடந்தால் மனம் லேசாகும் என்கிறீர்கள். இங்கே யானை வருகிறதே?

அப்படியானால் காலையில், நன்றாக விடிந்த பிறகு நடங்கள். யானை நிற்கும் பாதையில் மன அமைதி கிடைக்காது.

அரவேனு, மாணவர்: தூக்கமே இல்லை. வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லை, டீ மட்டும் ஒன்பது தடவை.

குடித்ததன் வேகம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் பிடிக்கும். தூக்கம்தான் முதல் மருந்து. மாலை நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம். பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காத ஊரில் இதைச் சொல்ல எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.