குடம்புளி பூக்கிறது, காய்க்கவில்லையா?

வணக்கம் அண்ணா. தேன்கனிக்கோட்டையில் விதைபோட்டு வளர்த்த குடம்புளி (மீன்குழம்பில் புளிக்குப் பதில் போடுவார்களே, அந்தக் காய் மரம்), பத்து வருஷமாகியும் பூத்துப் பூத்துக் கொட்டுகிறது, உரம் போதவில்லையோ என்று கேட்டிருந்தீர்கள். உரத்தை விடுங்கள். நம் பக்கத்துப் புளியமரம் போல இல்லை இது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதைக்கன்றில் ஏறக்குறைய பாதி ஆணாகவே போய்விடும்.

அடுத்த முறை பூக்கும்போது ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். நடுவில் மகரந்தத் தூள் ஒட்டிய கேசரக் கொத்து மட்டும் இருந்தால் ஆண். குட்டிப் பூசணி போல உருண்டையாக ஒன்று உட்கார்ந்திருந்தால் பெண்.

ஆண் என்றாலும் அடியோடு வெட்டிவிடாதீர்கள், பாவம். தண்டின் மேல்பகுதியை மட்டும் வெட்டிக் குறைத்துவிட்டு, புதுத் துளிர் வந்ததும் காய்க்கிற மரத்துக் குச்சியை அதில் ஒட்டுக்கட்டலாம். நேராக மேலே போகும் குச்சியாகப் பார்த்து எடுங்கள்; பக்கக் கிளைக் குச்சி என்றால் மரம் புதர்போலப் படரும். பெண் மரமாக இருந்தால் பக்கத்தில் ஒரு ஆண் வேண்டும்.

மழைக்காட்டு மரம், நம் வெயில் அதற்கு ஒத்துவராது. கோடையில் தண்ணீரும் தூரில் சருகு மூடாக்கும் கட்டாயம்.

அதுவரை கொழுந்தைப் பறித்து மீன்குழம்பில் போடுங்கள், அதுவும் புளிக்கும்.