மின்வெட்டில் சோலார் கைகொடுக்குமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு மாடி வீடு. மாதம் 180 அலகு வரை முடிகிறது. 10 கிலோவாட் சோலார் போட்டால் பில்லே வராது, கரண்ட் போனாலும் வீட்டில் வெளிச்சம் இருக்கும் என்கிறார் ஒருவர். 2022இல் மின்வெட்டில் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. பூமிக்கும் நல்லதுதானே என்கிறாள் மகள். வெள்ளிக்கிழமைக்குள் மூன்று இலட்சம் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. சோலார் போடுங்கள், ஆனால் இந்த மனிதரிடம் இந்த அளவில் வேண்டாம்.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். கொழும்பு வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் சாதாரண சோலார், தெருவில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு உங்கள் கூரை மின்சாரம் அடித்துவிடக் கூடாது என்பதற்காக, பனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டர் என்ற பெட்டி அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் கரண்ட் போனது. கூரைக்கு மேலே நல்ல வெயில், கீழே காற்றாடிகூடச் சுற்றவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். பற்றரியோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் பற்றரியும் சேர்த்துப் போட்டால் மின்வெட்டிலும் வெளிச்சம் இருக்கும். ஆனால் முழு வீட்டுக்கும் அல்ல. விளக்கு, காற்றாடி, பிரிட்ஜ் என்று சிலவற்றுக்குத் தனி வயர் இழுத்து அந்த இன்வேர்ட்டரின் 'பேக்கப்' முனையில் கொடுக்க வேண்டும். ஏசியையும் தண்ணீர் மோட்டரையும் சேர்த்தால் பற்றரி சீக்கிரம் இறங்கிவிடும். ஹைபிரிட் என்று பெட்டியில் எழுதியிருந்தும் பற்றரி இல்லாமல், தனி வயரும் இழுக்காமல் பொருத்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் கடைசித் தவணையைக் கொடுக்குமுன் உங்கள் கண் முன்னால் மெயின் சுவிட்சை நிறுத்தச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தால் மட்டும் மிச்சக் காசு. இதை ஒப்பந்தத்திலும் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது அளவு. கொழும்பு வெயிலில் ஒரு கிலோவாட் மாதம் நூறு அலகுக்குச் சற்று மேலே தரும். உங்கள் பாவனைக்கு இரண்டு கிலோவாட் போதும். பத்து எதற்கு? அவருடைய கமிஷன் கிலோவாட் கணக்கில் வருவதாலாக இருக்கலாம். தவிர, உங்களுடையது சாதாரண வீட்டு இணைப்பான சிங்கிள் பேஸ் 30 அம்பியரானால் பத்து கிலோவாட்டை அந்த வயரில் ஏற்றவே முடியாது. முற்பணம் கைமாறிய பிறகுதான் அது உங்கள் காதுக்கு வரும்.

பில்லே வராது என்பதும் பொய். நெட் மீட்டரிங் என்ற முறையில் நீங்கள் வெளியே அனுப்பும் அலகு உங்கள் பாவனையில் கழியும், ஆனால் மாதாந்த நிலையான கட்டணம் தொடர்ந்து வரும். பக்கத்து வீட்டுக்காரர் மின்சார சபைக்கு விற்று அலகுக்கு 22 ரூபா வாங்குகிறார் என்று காட்டினால் நம்ப வேண்டாம். அது 2016இல் தொடங்கிய திட்டத்தின் விலை, முதல் ஏழு வருடத்துக்கு மட்டும். பிறகு 15.50. விற்றால் உங்களுக்குக் கிடைப்பது நீங்கள் கையெழுத்திடும் நாளின் விலைதான். விலையை அடிக்கடி மாற்றுகிறார்கள். இருபது வருடத்துக்குக் கையெழுத்திடும் ஒரு குடும்பம் எதை நம்பிக் கணக்குப் போடுவது?

மகள் சொல்வது சரி. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் இருக்கிறது. நிலக்கரியில் பிறக்கும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு காற்றில் கலக்கிறது. ஆனால் நாடு அதிகம் இழுப்பது மாலை ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில், சூரியன் போன பிறகு. பகல் மின்சாரத்தைச் சேமித்துவைக்கப் பெரிய பற்றரிகள் வேண்டும் என்பது தெரியாத விஷயமா? மக்களைக் கூரை கூரையாகச் சோலார் போடச் சொல்லிவிட்டு, 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பாவனை குறைந்து மின்சாரம் மிஞ்சியதும், பகலில் அதை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. கடன்பட்டுப் போட்டவர்களிடம் அப்படிக் கேட்க மனம் வந்ததே! அதனால் நீங்கள் அயர்ன், வாஷிங் மெஷின், மோட்டர் எல்லாவற்றையும் நண்பகலுக்கு மாற்றுங்கள்.

கடற்கரைப் பக்கம் என்பதால் உப்புக்காற்று அரிக்கும். சட்டம் அலுமினியமாக, போல்ட் துருப்பிடிக்காத எவர்சில்வராக இருக்கட்டும். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் துளையிடும் தூசு நுரையீரலுக்குக் கேடு, கட்டாயம் முன்பே பேசுங்கள்.

நிலைபேறுதகு வலுசக்தி அதிகாரசபையில் பதிந்த நிறுவனங்கள் மூன்றிடம் எழுத்தில் விலை கேளுங்கள். பனலுக்கு 25 வருட உத்தரவாதம் என்பார்கள். இன்வேர்ட்டருக்கு எத்தனை, பழுதானால் வந்து பார்ப்பது யார் என்று தனியாகக் கேளுங்கள். கேட்கும்போது கடந்த பன்னிரண்டு மாத பில்களும் கையில் இருக்கட்டும்.