பழைய சியோன் சர்வரா, கையிலிருக்கும் ஐ5 மடிகணினியா?
கடற்கரையோர உப்புவெளி வீட்டில் வீடியோ எடிட்டிங்குக்கு ஐ5-1235யூ மடிகணினியை விட்டுப் இன்டெலின் பழைய சர்வர் சிப்பான சியோன் ஈ5-2670 உள்ள சர்வர் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம்.

கோர் (சிப்பில் கணக்கிடும் பகுதி) எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். சியோன் 2012இல் வந்தது: 8 கோர், உச்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ். 2022இன் ஐ5-இல் 2 பெரிய கோர்கள் 4.4 வரை போகும், ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதல் வேலை முடிக்கும். சியோனில் உள்ளமைந்த கிராபிக்ஸ் (திரைக்குப் படம் தரும் பகுதி) இல்லை. ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளும் இல்லை, அவற்றைக் கட்டாயம் கேட்கும் மென்பொருள் திறக்கவே மறுக்கும். சிப் மட்டும் 115 வாட்டில் 10 மணித்தியாலம் ஓடினால் 1.15 அலகு மின்சாரம். சர்வரின் விசிறிகள் கடற்கரை உப்புக்காற்றை உள்ளிழுக்கும், மின் தொடுமுனைகள் அரிக்கப்படும்.

மடிகணினி நீண்ட ரெண்டரில் (எடிட் செய்த வீடியோவை இறுதிக் கோப்பாக்கும் வேலை) சூடேறி வேகம் குறையும். பின்பக்கத்தை உயர்த்தி வையுங்கள். ஒரே கணினிக்குள் இயங்கும் பல மெய்நிகர் கணினிகளுக்கு நிறைய ஈசிசி ரேம் (பிழையைத் தானே திருத்தும் நினைவகம்) தேவையென்றால் மட்டும் சியோன்.