கொடிசியாவில் பழைய நண்பர்களைச் சந்திக்க

கூட்டத்துக்குள் தேடாதீர்கள், நாள், நேரம், நிற்கும் இடம் மூன்றையும் புறப்படும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் உங்களோடு அறிவியல் புனைகதைகளைக் கைமாற்றிப் படித்த நண்பர்கள் எல்லோரும் கோவைப் புத்தகத் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியும், சென்ற ஆண்டு ஒருவரையும் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜூலையில் கொடிசியா கண்காட்சி வளாகத்தில் நடக்கும் அவ்விழா பல நாட்கள் நீள்வதால், ஈரோட்டு நண்பர் ஞாயிறு காலையில் வந்து மதியமே பேருந்து ஏறியிருப்பார், கோவையிலேயே இருக்கும் பீளமேட்டுக்காரர் வேலைநாளில் மாலை வந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. சென்ற ஆண்டு அவர்கள் வாட்ஸப்பில் பகிர்ந்த படங்களின் தேதியைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சந்திக்கும் இடமாக ஏதாவதொரு பதிப்பகத்தின் அரங்கைச் சொல்ல வேண்டாம். புத்தகத்தைப் புரட்டியபடி ஆளுக்கொரு வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள். முதன்மை நுழைவாயிலே நல்லது. தலை நரைத்து முகம் மாறியிருக்கும் என்பதால் இப்போதைய படம் ஒன்றை முன்கூட்டியே அனுப்புங்கள். பழுப்புத்தாள் அட்டை போட்டு, முதல் பக்கத்தில் நால்வரும் வரிசையாகப் பெயர் எழுதிய அந்தப் பழைய நூல் இன்னும் உங்களிடம் இருந்தால் அவசியம் கொண்டு செல்லுங்கள். வேலை, சம்பளம், பிள்ளைகள் பற்றிய விசாரிப்பைவிட அதுவே பேச்சை இயல்பாகத் தொடங்கிவைக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. இரண்டு முறை செய்தி அனுப்பியும் பதில் தராதவரின் எண்ணையோ படத்தையோ பொதுவெளியில் போட்டுத் தேடாதீர்கள்.